பில் கொடுத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கம்பனியிடமிருந்து நிலுவைப் பணத்தை எப்படி அறவிடுவது?

கொட்டாஞ்சேனை அச்சகம் எழுதியது:

வணக்கம். கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவருகிறேன். நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்துகொடுக்கும் தனியார் கம்பனி ஒன்றுக்குக் கடந்த வருடம் அழைப்பிதழ், துண்டுப்பிரசுரம், கண்காட்சிக் கையேடு என்று மூன்று வேலைகளை முடித்துக் கொடுத்தேன். மூன்று பில்களும் சேர்ந்து 486,000 ரூபா. ஒவ்வொன்றுக்கும் 30 நாள் தவணை என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறேன். முதலாவது பில் கொடுத்து ஏறக்குறைய பத்து மாதங்கள் ஆகின்றன. இடையில் ஒரு முறை 50,000 ரூபா என் வங்கிக் கணக்குக்கு வந்தது. எந்தப் பில்லுக்கு என்று அவர்கள் குறிப்பிடவில்லை. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

வேலையில் குறை என்று அவர்கள் ஒருபோதும் சொன்னதில்லை. தொலைபேசியில் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். "அடுத்த கிழமை கட்டாயம் போட்டுவிடுவோம்" என்று கணக்குப் பகுதியில் இருக்கும் பிள்ளை சொல்கிறார். பணிப்பாளரைக் கேட்டால், தங்களுக்கு வரவேண்டிய பணமே இன்னும் வரவில்லை, ஆனாலும் "நான் பொறுப்பு" என்கிறார். அவர் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர் என்பதால் கடுமையாகப் பேச மனம் வரவில்லை. ஆனால், மலிபன் வீதியில் காகிதம் எடுத்த கடைக்கு நான் கொடுத்த பிந்திய திகதியிட்ட காசோலைகளுக்கு எவரும் தவணை நீட்டித் தரவில்லை. வங்கியின் மேலதிகப் பற்றில் எடுத்துத்தான் அவற்றை நிறைவேற்றினேன். அதற்கான வட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உறவு முறியாமல் இந்தப் பணத்தை வாங்குவதற்கு என்ன வழி? சட்டத்தரணியிடம் போவதாக இருந்தால் இன்னும் எவ்வளவு காலம் பொறுத்துப் பார்க்கலாம்?

பேரேடு எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் நினைப்பதைவிட உங்களிடம் மிகக் குறைந்த காலமே இருக்கிறது.

இலங்கையில் கடனை அறவிட வழக்குத் தொடர்வதற்கான கால எல்லையை 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் வரையறுக்கிறது. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகள் என்று பலர் அறிந்துவைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் 8 ஆவது பிரிவைப் பலரும் பார்ப்பதில்லை. விற்று ஒப்படைத்த பொருள், கடைப் பில், கணக்குப் புத்தகத்தில் எழுதிய பற்று, செய்துகொடுத்த வேலைக்கான கூலி ஆகியவற்றுக்கு, பணம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு ஆண்டுதான். புறக்கோட்டையில் நாள்தோறும் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி இந்த ஓராண்டுக்குள் அடங்கக்கூடியது.

உங்கள் முதலாவது பில்லின் தவணை முடிந்து ஒன்பது மாதங்கள் ஆகியிருக்கும். மூன்று பில்களுக்கும் காலம் தனித்தனியாகவே ஓடுகிறது. ஆகவே, இன்று இரவே மூன்று பில்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் தவணை முடிந்த திகதியையும் அதிலிருந்து ஓராண்டு நிறைவடையும் திகதியையும் பென்சிலால் எழுதிவையுங்கள். அவர்களிடமிருந்து எழுத்திலான ஓடர் ஏதும் கிடைத்திருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அதை எழுத்திலான ஒப்பந்தமாகக் கொண்டு 6 ஆண்டு கேட்க முடியுமா என்பதைச் சட்டத்தரணி பார்த்துச் சொல்வார். ஆனால் அந்த நம்பிக்கையில் காத்திருக்க வேண்டாம். உங்களைப் போன்றவர்கள் "அடுத்த கிழமை" என்ற சொல்லை நம்பியிருந்தே அந்த ஆண்டைக் கடந்துவிடுவதைக் கணக்காளனாக நான் பல தடவை பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை வடிவமைப்பாளர் எழுதியது:

இதை வாசித்ததும் நானும் எனது பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். சுயமாகத் தொழில் செய்யும் என் போன்றவர்களிடம் ஒப்பந்தம் என்று தனியாக எதுவும் இருப்பதில்லை. ஓடர் தருவது, திருத்தம் சொல்வது, "நன்றாக இருக்கிறது, பில் அனுப்புங்கள்" என்பது எல்லாம் வட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. "உங்கள் 85,000 ரூபாவை இந்த மாத முடிவில் தருகிறோம்" என்று அவர்களுடைய கணக்குப் பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தால், அது கடனை ஒப்புக்கொண்டதாக ஆகாதா? அதிலிருந்து காலம் புதிதாகத் தொடங்காதா? அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

புதுக்கடைக் குமாஸ்தா எழுதியது:

நான் சட்டத்தரணி அல்ல. புதுக்கடையில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். பணம் அறவிடும் வழக்குகளின் கோப்புகளே என் கையில் அதிகம் புழங்குவதால் அறிந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆவணங்களை ஒரு சட்டத்தரணியிடம் நேரில் காட்டியே முடிவெடுங்கள்.

பேரேடு ஐயா சொன்ன கட்டளைச்சட்டத்தின் 12 ஆவது பிரிவுதான் வெள்ளவத்தை நண்பரின் கேள்விக்கான இடம். வாய்ச்சொல்லால் கடனை ஒப்புக்கொள்வது காலத்தைப் புதுப்பிக்காது. ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் கடனாளியோ, அவருக்காக அவ்வாறான ஒப்பந்தத்தைச் செய்ய முறையாக அதிகாரம் பெற்ற முகவரோ கையொப்பமிட்டிருக்க வேண்டும். கணக்குப் பகுதியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதுதான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எழுப்பும் கேள்வி. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் ஆவணமாக ஏற்க வழி செய்திருப்பதால், அந்தச் செய்திகள் பயனற்றவை அல்ல. உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வையுங்கள், அந்தக் கைபேசியையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஓரிரு திரைப்பிரதிகள் மட்டும் போதாது. ஆனால் காலத்தைப் புதுப்பிப்பதற்கு அதை மாத்திரம் நம்பியிருக்காதீர்கள். பணிப்பாளரின் கையொப்பத்தைத் தேடுங்கள்.

பகுதிப் பணம் வேறு விதமானது. மீதியையும் தருவேன் என்று கொள்ளத்தக்க வகையில் கடனின் ஒரு பகுதியைச் செலுத்தினால், அதுவும் காலத்தைப் புதுப்பிக்கக்கூடியது. அச்சக நண்பருக்கு வந்த 50,000 ரூபா இதில் முக்கியமானது. அவர்கள் எந்தப் பில்லுக்கு என்று சொல்லாததால், அதை மிகப் பழைய பில்லில் வரவு வைத்து, அவ்வாறு வரவு வைத்திருப்பதாக இப்போதே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அறிவித்துவிடுங்கள். மற்ற இரண்டு பில்களுக்கும் அந்தப் பணம் உதவும் என்று எண்ண வேண்டாம்.

பலர் நம்பும் இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் காலம் நின்றுவிடும் என்பது சரியல்ல. வழக்கைத் தாக்கல் செய்தால்தான் நிற்கும். ஆயினும் அந்தக் கடிதத்துக்கு வேறு பெறுமதி உண்டு. வியாபார விடயத்தில் ஒருவர் இன்ன நிலைமை இருக்கிறது என்று எழுதும்போது, அதை ஏற்காதவர் மறுத்துப் பதில் எழுதியிருக்க வேண்டும் என்று 1948 இல் தீர்ப்பளிக்கப்பட்ட சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கை நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பதிலில்லாத கடிதம் உங்கள் பக்கத்துக்குப் பலம் சேர்க்கும். அதனால்தான் அதை பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு இணைத்து வைக்கச் சொல்கிறோம்.

கெய்சர் வீதி எழுதியது:

எல்லோரும் சட்டப் பிரிவுகளைச் சொல்கிறீர்கள். நான் துணி மொத்த வியாபாரம் செய்பவன். மாறுபட்ட ஒரு கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பின் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியபோது, எனக்குத் தரவேண்டியிருந்த கடைக்காரர்களில் ஒருவராலும் சொன்ன நாளில் தர முடியவில்லை. வெளியூர்க் கடைகள் மூடிக் கிடந்தன, எரிபொருள் வரிசையில் லொறிகள் நின்றன. அந்த நேரத்தில் நான் ஒவ்வொருவருக்கும் சட்டத்தரணி கடிதம் அனுப்பியிருந்தால், கடிதச் செலவுதான் மிஞ்சியிருக்கும். ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பேசி, மாதம் இவ்வளவு என்று தவணை பிரித்து, சிலரிடம் சரக்கையே திருப்பி எடுத்தேன். பெரும்பாலானவர்கள் கட்டி முடித்தார்கள். இன்றும் என்னிடம்தான் கொள்வனவு செய்கிறார்கள். புறக்கோட்டையில் வியாபாரம் நாணயத்தின் மேல் நடக்கிறது. ஒருவர் மேல் வழக்குப் போட்டீர்கள் என்ற செய்தி தெருவில் பரவினால் மற்ற வாடிக்கையாளர்களும் ஒதுங்குவார்கள். அச்சகத் தம்பி, பணிப்பாளர் குடும்பத்துக்குத் தெரிந்தவர் என்கிறீர்கள். பெரியவர் ஒருவரை வைத்து முகம் பார்த்துப் பேசுங்கள். கடிதம் போனால் உறவும் போகும், சில வேளை பணமும் போகும்.

பேரேடு எழுதியது:

கெய்சர் வீதி ஐயா சொல்வதை நான் மதிக்கிறேன். 2022 இல் பொறுமை காட்டியவர்கள்தான் தப்பினார்கள் என்பதை நானும் கண்டேன். ஆனால் அவர் செய்ததைக் கவனித்துப் பாருங்கள். அவர் வெறுமனே காத்திருக்கவில்லை. ஆளுக்கு ஆள் உட்கார்ந்து தவணை பிரித்தார், மாதந்தோறும் பணம் பெற்றார். ஒவ்வொரு மாதமும் வந்த அந்தப் பணமே அவருடைய கடனை உயிரோடு வைத்திருந்திருக்கும். அச்சக நண்பரின் நிலை அப்படியல்ல. அவரிடம் இருப்பது மரியாதையான தொலைபேசிப் பேச்சு மாத்திரம்.

உறவும் கெடாமல், கையொப்பமும் கிடைக்கக்கூடிய வழி ஒன்று கணக்குத் துறையில் வெகு காலமாக இருக்கிறது. அதுதான் மீதி உறுதிப்படுத்தல் கடிதம். கம்பனிகளில் பெரும்பாலானவை மார்ச் 31 இல் கணக்கை முடிக்கின்றன. கணக்காய்வாளர் கேட்கிறார் என்று கடன்பட்டோருக்கும் கடன்கொடுத்தோருக்கும் இத்தகைய கடிதம் அனுப்புவது சாதாரண நடைமுறை. அதைப் பெறும் எவரும் தம்மை அவமதித்ததாகக் கருதுவதில்லை. உங்கள் அச்சகத்தின் கடிதத் தாளில் ஒவ்வொரு பில்லின் இலக்கத்தையும் திகதியையும் தொகையையும் எழுதி, பெற்ற 50,000 ரூபாவைக் கழித்துக் காட்டி, கீழ்ப்பகுதியில் இப்படி ஒரு வாசகத்தைச் சேருங்கள்: "மேலே குறிப்பிட்டவாறு எமது கம்பனி உங்கள் அச்சகத்துக்கு 436,000 ரூபா செலுத்த வேண்டியுள்ளது என்பதையும் அதனைச் செலுத்துவோம் என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறோம்." அதன் கீழ் பணிப்பாளரின் கையொப்பம், பெயர், திகதி, கம்பனியின் ரப்பர் முத்திரை ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். "கணக்காய்வுக்காக மட்டும்" என்ற சொற்றொடரை அதில் சேர்க்காதீர்கள். இரண்டு பிரதிகளை நேரில் எடுத்துச் சென்று, ஒன்றைக் கையோடு வாங்கி வாருங்கள்.

இன்று அவருக்கு உங்களிடம் மனத்தாங்கல் எதுவும் இல்லை, வேலையிலும் குறை சொல்லவில்லை. அதனால் இன்று அவர் கையொப்பமிடுவார். சட்டத்தரணி கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் அதே பணிப்பாளர், கையேட்டின் அட்டையில் நிறம் சரியாக வரவில்லை என்று சொல்லத் தொடங்கக்கூடும். பேசிப் பார்ப்பதும் எழுத்தில் வாங்குவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பேசக்கூடிய காலத்திலேயே எழுத்தையும் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மதிய உணவு அக்கா எழுதியது:

தெமட்டகொடையில் இருந்து அலுவலகங்களுக்கு மதிய உணவு அனுப்புகிறேன். பில்லைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். ஒப்படைப்புச் சீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

ஒரு முறை ஒரு நிறுவனத்திடம் பழைய நிலுவையைக் கேட்டபோது, அத்தனை பொதிகள் வரவே இல்லை என்று புதிதாக வந்த முகாமையாளர் சொன்னார். எங்கள் ஒப்படைப்புச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். "பெற்றுக்கொண்டவர்" என்ற கோட்டின் மேல் வாயிற்காவலரின் கிறுக்கல் ஒன்று இருந்தது; பெயர் இல்லை, அடையாள அட்டை இலக்கம் இல்லை, முத்திரையும் இல்லை. அந்தக் காவலரும் வேறு நிறுவனத்தின் ஆள், அப்போது அங்கே வேலையிலும் இல்லை. அந்தத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் மீதியைப் பெற முடிந்தது. இப்போது எங்கள் பிள்ளைகள் பொதிகளை இறக்கும்போது, வரவேற்பில் இருப்பவர் தனது பெயரைத் தெளிவாக எழுதி முத்திரை குத்திய பிறகுதான் திரும்பி வருவார்கள். அச்சகத் தம்பி, கையேடுகளை யார் பொறுப்பேற்றார்கள் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கொழும்பில் முச்சக்கரவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "போய்ச் சேர்ந்ததா?" என்று தொலைபேசியில் கேட்பதோடு முடித்துக்கொள்பவர்கள் அதிகம்.

பஞ்சிகாவத்தை எழுதியது:

கடனாளி யார் என்பதையும் சரிபாருங்கள். வாகன உதிரிப்பாக வியாபாரத்தில் நாங்கள் அடிக்கடி காண்பது இது: பெயர்ப்பலகையில் ஒரு பெயர், பில் போட்டது இன்னொரு பெயருக்கு, காசோலை மூன்றாவது பெயரில். வியாபாரப் பெயரைப் பதிவுசெய்து தனியாள் நடத்தும் கடை என்றால் கடன் அந்த மனிதரின் தலையில் நேரே விழும். "(பிரைவேட்) லிமிடெட்" என்றால் கடன் கம்பனிக்கு உரியது. பணிப்பாளரின் வீடும் வாகனமும் பொதுவாக அதற்குப் பொறுப்பாகா. கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினால், அது பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பழைய கம்பனியை அப்படியே விட்டுவிட்டு அதே ஆட்கள் புதிய பெயரில் தொடங்கியிருந்தால், இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

புதுக்கடைக் குமாஸ்தா எழுதியது:

பஞ்சிகாவத்தை நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பணிப்பாளர் "நான் பொறுப்பு" என்று சொன்னதாக அச்சக நண்பர் எழுதியிருந்தார். இன்னொருவரின் கடனுக்கு உத்தரவாதம் அளிப்பதாக ஒருவர் சொல்வது, எழுத்தில் அவருடைய கையொப்பத்தோடு இல்லாவிட்டால் சட்டத்தில் வலுவற்றது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் அவ்வாறு விதிக்கிறது. கம்பனியின் கடனுக்கு அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்பது உண்மையென்றால், அதையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அந்தச் சொல்லின் பெறுமதி உங்களுக்கு விளங்கிவிடும்.

கொட்டாஞ்சேனை அச்சகம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒப்படைப்புச் சீட்டுகள் மூன்றும் இருக்கின்றன. இரண்டில் முத்திரை தெளிவாக உள்ளது, மூன்றாவதில் பெயர் மாத்திரம் உள்ளது. கம்பனி பதிவில் இருக்கிறது. பேரேடு ஐயா சொன்ன கடிதத்தைத் தயாரித்துவிட்டேன். அதைக் கொடுக்கும் வேளையில், மீதியைத் தவணைகளாகப் பிரித்துப் பிந்திய திகதியிட்ட காசோலைகளாகக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். காசோலை வாங்குவதால் எனக்கு உண்மையான நன்மை உண்டா? அவர்கள் மறுத்தால் நேரே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாமா, அல்லது பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்க சபைக்குப் போக வேண்டுமா? எங்கள் கணக்குப் புத்தகம் முழுவதும் தமிழில் எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

புதுக்கடைக் குமாஸ்தா எழுதியது:

காசோலையால் நிச்சயமாக நன்மை உண்டு. முதலாவது, ஓராண்டு எல்லைக்குள் சிக்கியிருக்கும் பில் கடனுக்குப் பதிலாக, 6 ஆண்டு எல்லைக்குள் வழக்குத் தொடரக்கூடிய ஆவணம் உங்கள் கைக்கு வருகிறது. இரண்டாவது, அது திரும்பினால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 53 ஆவது அத்தியாயத்தின் கீழ் சுருக்கமான நடைமுறையில் வழக்குப் போடலாம். சாதாரண வழக்கில் எதிராளி மறுமொழி தாக்கல் செய்து திகதி மேல் திகதியாக இழுத்துச் செல்ல முடியும். இந்த நடைமுறையில் அவர் எதிர்வாதம் செய்வதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். மூன்றாவது, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆவது பிரிவு. அந்தச் சட்டத்தின் பிரதான நடைமுறை வங்கி போன்ற கடன் வழங்கும் நிறுவனங்களுக்கே உரியது என்றாலும், கணக்கில் போதிய பணம் இல்லை என்று அறிந்துகொண்டே காசோலை எழுதுவது அந்தப் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் குற்றம். ஆனால் அறிந்தே எழுதினார் என்பதை நிரூபிக்க வேண்டும். "இப்போது பணம் இல்லை, சும்மா வைத்திருங்கள்" என்று இருவரும் பேசிக்கொண்டு வாங்கிய காசோலை அங்கே பெரிதும் உதவாது. தவிரவும், குற்றவியல் வழக்கு எதிராளியைத் தண்டிப்பதற்கானது. உங்கள் பணத்தை மீட்டுத் தருவது குடியியல் வழக்குத்தான்.

இணக்க சபையைப் பற்றி: 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் சபைக்குப் போயாக வேண்டும். 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பெறுமதியை 500,000 ரூபாவாக உயர்த்தியது. உங்கள் மீதி அதற்கும் குறைவு என்பதால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீங்கள் வழக்குப் போட முடியாது. எதிராளி சமுகமளிக்காவிட்டாலும் அந்தச் சான்றிதழைப் பெறலாம். சபையில் சட்டத்தரணிகள் உங்களுக்காகத் தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டும். செலவும் இல்லையென்றே சொல்லலாம். அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை மண்டபம் போன்ற இடங்களில் நடக்கும். அழைப்பு அனுப்பி, நாள் குறித்து, ஒருவர் வராமல் மறுநாள் குறித்து என்று காலம் போகும் என்பதால், ஓராண்டு முடியும் கடைசி வாரத்தில் போய் நிற்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். கடிதத்தில் கையொப்பம் கிடைத்துவிட்டால் அந்த அவசரம் தணியும். சிறு கோரிக்கைகள் நீதிமன்ற நடைமுறைக்கென 2022 இல் தனியாக ஒரு சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. உங்கள் கோரிக்கை அதற்குள் வருமா என்பதையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

தமிழில் எழுதிய கணக்குப் புத்தகம் தடையாகாது. வழக்கின் ஒரு தரப்பினர் தமது எழுத்து ஆவணங்களைத் தமிழில் சமர்ப்பிக்கும் உரிமையை அரசியலமைப்பே வழங்குகிறது. ஆனால் கொழும்பில் வழக்குப் பதிவேடு சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருப்பதால், தேவையான பக்கங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்தால், அதற்காக ஒரு வழக்குத் தவணை வீணாவதைத் தவிர்க்கலாம்.

தீர்ப்புக் கிடைத்தவுடன் பணம் வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அதன் பிறகு நிறைவேற்று எழுத்தாணை பெற்று, நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால் அதிகாரி மூலம் சொத்தைக் கைப்பற்ற வேண்டும். கைப்பற்றுவதற்கு அந்தக் கம்பனியிடம் என்ன இருக்கிறது? வாடகைக் கட்டடத்தில் நான்கு மேசைகளும் குத்தகைக்கு எடுத்த வாகனமும்தான் என்றால், வழக்கில் வெல்வதைவிடத் தவணைக்கு இணங்குவதே உங்களுக்கு அதிகம் பெற்றுத்தரும்.

கெய்சர் வீதி எழுதியது:

மீதி உறுதிப்படுத்தல் கடிதத்தை நான் எதிர்க்கவில்லை. எங்கள் கணக்காளரும் வருடந்தோறும் அனுப்புகிறார். அதற்கு இப்படி ஒரு பயன் இருப்பதை நான் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்கவில்லை. வழக்கு என்பது கடைசிப் படி என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.

ஆனால் இன்னொன்றை வன்மையாகச் சொல்ல வேண்டும். பணம் தராதவரின் படத்தை முகநூலில் போட்டு "ஏமாற்றுக்காரன்" என்று எழுதுவதையும், "அறவிட்டுத் தருகிறோம்" என்று வரும் ஆட்களைக் கூலிக்கு அனுப்புவதையும் இப்போது சில இளைஞர்கள் வழியாகக் கருதுகிறார்கள். முதலாவது, நீங்கள் மானநட்ட வழக்குக்கு முகம் கொடுக்கும் நிலையை உண்டாக்கும். இரண்டாவது, பணம் கேட்கப்போன உங்களையே பொலிஸ் நிலையத்தில் சந்தேகநபராக நிறுத்தும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை இப்படிக் கைவிடாதீர்கள்.

வெள்ளவத்தை வடிவமைப்பாளர் எழுதியது:

எங்கள் தொழிலில் இனி நான் செய்யப்போவதையும் பதிகிறேன். முற்பணமாகப் பாதி வந்த பிறகுதான் வேலையைத் தொடங்குவேன். நீர்க்குறியிட்ட மாதிரியைக் காட்டி, மீதி வந்த பின்பே அச்சுக்குரிய மூலக் கோப்பைக் கொடுப்பேன். அச்சகங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

புதுக்கடைக் குமாஸ்தா எழுதியது:

பொருந்தும். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், விலை கிடைக்காத விற்பனையாளர் தம் கையில் இருக்கும் பொருளைத் தடுத்து வைத்திருக்கும் உரிமையை அளிக்கிறது. தவணைக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், அந்தத் தவணை முடியும் வரை அதைப் பயன்படுத்த முடியாது. வாசலைத் தாண்டிப் போன பொருளுக்கும் அது பயன்படாது.

கொட்டாஞ்சேனை அச்சகம் எழுதியது:

தகவலுக்காக எழுதுகிறேன். பணிப்பாளரை நேரில் சந்தித்துக் கடிதத்தைக் கொடுத்தேன். கணக்கு முடிவுக்கு வேண்டும் என்று சொன்னபோது, தொகையை வாசித்துப் பார்த்து, அங்கேயே கையொப்பமிட்டு முத்திரை குத்தித் தந்தார். தனிப்பட்ட உத்தரவாதம் எழுத அவர் விரும்பவில்லை. ஆனால் கம்பனிக் கணக்கில் நான்கு காசோலைகள் தந்திருக்கிறார், மாதம் ஒன்றாக, ஒவ்வொன்றும் 109,000 ரூபா. அதோடு, புதிய வேலை ஒன்றும் இருக்கிறது என்றார். காசோலைகளுக்கு நான் ரசீது கொடுக்க வேண்டும். அதில் என்ன எழுதுவது, என்ன எழுதக் கூடாது?

புதுக்கடைக் குமாஸ்தா எழுதியது:

நல்ல செய்தி. ரசீதில் நான்கு காசோலைகளின் இலக்கம், வங்கி, திகதி, தொகை ஆகியவற்றை எழுதி, "காசோலைகள் பணமான பின்னரே இந்த ரசீது செல்லுபடியாகும்" என்று சேருங்கள். "கணக்குத் தீர்ந்தது" என்றோ "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்றோ எழுதாதீர்கள். நான்காவது காசோலை பணமாகும் வரை மூலப் பில்களையும், ஒப்படைப்புச் சீட்டுகளையும், கையொப்பமிட்ட அந்தக் கடிதத்தையும் யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்க வேண்டாம்; பிரதி கொடுங்கள்.

ஒவ்வொரு காசோலையையும் அதன் திகதியிலேயே வங்கியில் இடுங்கள். திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்த காசோலையை வங்கி ஏற்காது. "இரண்டு நாள் பொறுத்துப் போடுங்கள்" என்று கேட்டால், அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். காசோலை ஒன்று திரும்பினால் வங்கி உங்களுக்கு ஒரு திரும்பல் ஆவணம் தரும். 2006 முதல் காசோலைகள் படமாகவே வங்கிகளுக்கிடையில் போவதால் அந்தப் படமும் திரும்பிய காரணமும் அதில் அச்சாகியிருக்கும். அதை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, அடுத்த வேலை நாளே சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.

புதிய வேலையை ஏற்பதாக இருந்தால், முதலாவது காசோலை பணமான பிறகு, எழுத்திலான ஓடரையும் பாதி முற்பணத்தையும் பெற்றுக்கொண்டு தொடங்குங்கள். அந்த முற்பணத்துக்கு வேறு ரசீது எழுதுங்கள். பழைய கணக்கோடு சேர்க்க வேண்டாம்.